ஜூலையில் டார்வின், கூடவே கேரவன்: எந்த அருவியில் பிள்ளைகளை இறக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஜூலை பள்ளி விடுமுறையில் மெல்போர்னிலிருந்து டார்வினுக்குப் பறந்து வந்து, இங்கே கேரவனோ (காரின் பின்னால் இழுத்துப் போகும் வீடு) மோட்டார்ஹோமோ (வண்டிக்குள்ளேயே வீடு) வாடகைக்கு எடுத்து, பத்துப் பன்னிரண்டு நாள் அருவி அருவியாகக் குளித்துக்கொண்டே சுற்ற வேண்டும். கூட வருவது ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அப்பா. அவருக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு. முதலை இல்லாத அருவிகளின் பட்டியல் ஒன்று கேட்டிருக்கிறீர்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற கிப் ரிவர் ரோடு என்ற நீண்ட மண் பாதையில் கேரவனை விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலுக்குப் பின்னால் இருக்கிற கேள்வி, எதை நம்பிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். டார்வினில் பல வருடங்களாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு கேரவனை இழுத்துக்கொண்டு போவதும் இதே பாதைகளில்தான். மருத்துவம் என் துறை இல்லை. அதனால் அப்பாவைப் பற்றி நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் இந்த வட பகுதியில் வருடத்துக்கு இரண்டே காலம் என்று வைத்துக்கொள்ளலாம். மே முதல் அக்டோபர் வரை மழையே இராது என்று சொல்லலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்க்கும். அந்த மழையில் ஆறுகள் கரை கடந்து சமவெளி முழுக்கப் பரவிவிடும். உப்புநீர் முதலைகள் அந்த வெள்ளத்தோடு நீந்தி உள்ளே வருகின்றன. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற நன்னீர் ஆற்றிலும் அவை நிம்மதியாக வாழும். தண்ணீர் வடியும்போது சில முதலைகள் மேட்டுப் பக்கத்துக் குளங்களிலேயே தங்கிவிடும். போன மே மாதம் முதலை இல்லாத குளத்தில் இந்த மே மாதம் ஒன்று இருக்கலாம். அதனால்தான் "இது முதலை இல்லாத அருவி" என்று நிரந்தரமாக ஒரு பட்டியல் போட முடியாது. இந்த அருவி இன்று திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். மழை ஓய்ந்ததும் பூங்கா ரேஞ்சர்கள் ஒவ்வொரு குளத்தையும் சோதிக்கிறார்கள். இரவில் விளக்கடித்துப் பார்ப்பார்கள், முதலையின் கண் வெளிச்சத்தில் சிவப்பாக மின்னும். தண்ணீரில் மிதவைகளைக் கட்டிவிட்டு அவற்றில் பல் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறைச்சி வைத்துப் பொறி வைப்பார்கள். எல்லாம் சுத்தம் என்று திருப்தி ஆன பிறகுதான் குளிக்கத் திறப்பார்கள். திறந்த பிறகும் சீசன் முழுக்கக் கண்காணிப்பு நடக்கும். சின்னச் சந்தேகம் வந்தாலும் அன்றே மூடிவிடுவார்கள். இவ்வளவு செய்தும் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடாது. 2023 ஜூலையில் லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவில் இருக்கிற வாங்கி (Wangi) என்ற அருவியில், குளிக்கத் திறந்திருந்த நேரத்திலேயே ஒருவரை உப்புநீர் முதலை கடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். குளத்தை மூடி, முதலையைப் பிடித்து அகற்றினார்கள். அங்கே அவ்வளவு பேர் குளிக்கிறார்கள், இப்படி நடப்பது மிக அபூர்வம், அது உண்மை. ஆனாலும் இது தெரிந்துகொண்டுதான் நீங்கள் இறங்க வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். குளிக்க அனுமதி என்று பூங்கா நிர்வாகமே அறிவிக்காத எந்த ஆற்றிலும், ஓடையிலும், பில்லபாங்கிலும் (ஆற்றிலிருந்து பிரிந்து தேங்கிய குட்டை) கால் வைக்கக் கூடாது, முழங்கால் ஆழத்தில்கூட. தெளிந்த தண்ணீராக இருக்கிறது, பக்கத்து கேரவன்காரர் நேற்று குளித்தார், பலகை எதுவும் கண்ணில் படவில்லை, இவை எதுவும் காரணம் ஆகாது. 2002-இல் ககாடு தேசியப் பூங்காவில் சாண்டி பில்லபாங் என்ற இடத்தில் இரவில் குளிக்க இறங்கிய குழுவில் ஒரு ஜெர்மன் இளம்பெண் முதலையால் இறந்தார். உப்புநீர் முதலை நீருக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட அசையாமல் இருக்கும். நீங்கள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேட்டையில் ஏறக்குறைய அழிந்துபோய்ச் சில ஆயிரங்களே மிஞ்சியிருந்த இந்தப் பிராணியை 1971-இல் டார்வின் இருக்கிற இந்த வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பாதுகாத்தார்கள். இன்று இந்தப் பிரதேசத்தில் மட்டும் ஒரு லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆற்றோரம் தங்கினால் கரையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளித் தங்குங்கள். மீனைக் கழுவிய தண்ணீரையும் குடலையும் கரையில் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்வதைவிட, பயணத்தின் முதல் நாளே அடிலெய்ட் ஆற்றில் முதலை பார்க்கும் படகில் ஏற்றிவிடுங்கள். நான்கைந்து மீட்டர் முதலை தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்புவதைப் பார்த்த பிள்ளை, அப்புறம் பலகையைப் படிக்காமல் கரைக்கு ஓடாது.

சிலருக்கு ஒரு கருத்து உண்டு: நன்னீர் முதலை ஒன்றும் செய்யாது என்று. இது பாதி சரி. ஒல்லியான நீண்ட மூக்குள்ள இந்த வகை, மனிதர்களைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும். குளிக்க அனுமதித்திருக்கிற சில இடங்களிலேயே அவை வாழ்கின்றன, கேத்ரின் ஊர்ப் பக்கம் லெலியின் (Leliyn) என்ற இடத்தில் உள்ள குளம் அப்படிப்பட்டது. ஆனால் மிதித்தாலோ, தொட்டாலோ, போக வழியில்லாமல் மடக்கினாலோ கடிக்கும், காயம் பலமாகவே இருக்கும். அதனால் கரையில் ஒன்றைப் பார்த்தால் போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம். உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்கா. டார்வினிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், முழுக்கத் தார் ரோடு. மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் ஜூலையில் இங்கே அருவிகள் கொட்டுவதற்குக் காரணம் உண்டு. மேலே இருக்கிற மணற்கல் மேட்டுநிலம் மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஊற்றுகள் வழியாக வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது பியூலி ராக்ஹோல். பாறைப் படிகளில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சின்னச் சின்னக் குளங்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஆழம். ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்து விளையாடும் ஆழமும் உண்டு, நீங்கள் நீந்தும் ஆழமும் உண்டு. வண்டி நிறுத்துமிடம் பக்கத்திலேயே இருப்பதால் அப்பாவும் வந்து நிழலில் உட்காரலாம். ஆனால் அந்த நிறுத்துமிடம் சின்னது. காலை பத்து மணிக்குள் நிரம்பிவிடும், சனி ஞாயிறு என்றால் டார்வினே அங்கேதான் இருக்கும். வார நாளில் விடிந்ததும் போய்விடுங்கள். ஃபுளோரன்ஸ் அருவி அங்கிருந்து ஓடையோரமாக நடக்கும் தூரம்தான். இரட்டை அருவி, அடியில் அகலமான குளம், சுற்றிலும் மழைக்காட்டு மரங்கள், என் கணக்கில் இந்தப் பூங்காவின் மிக அழகான இடம் அதுதான். குளத்துக்கு இறங்கப் படிக்கட்டு நிறைய. அப்பாவுக்கு மேலே பார்வை மேடையே போதும். வாங்கி அருவியில் நேர்மாறு: நிறுத்துமிடத்திலிருந்து சமதளப் பாதை, புல்வெளி, சிற்றுண்டிக் கடை, தண்ணீரில் இறங்கப் படி, எல்லாம் உண்டு. அப்பாவோடு ஒரு முழு நாள் கழிக்க அதுவே நல்லது. ஆனால் மழைக்குப் பிறகு கடைசியாகத் திறப்பதும் பெரும்பாலும் அதுதான். எந்தத் தேதியில் திறக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டோல்மர் அருவியைப் பார்க்க மட்டும்தான் முடியும், அங்கே அரிய வௌவால் இனங்கள் குகைகளில் வாழ்வதால் கீழே விடமாட்டார்கள்.

நம் ஊரில் குற்றாலத்துக்குப் போய்ப் பழகியவர்கள் அருவி என்றால் நேராக அதன் அடியில் போய் நிற்கத்தான் நினைப்போம். உங்கள் அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்து வருவார். இங்கே பெரும்பாலான அருவிகள் ஆழமான குளத்தில் விழுகின்றன. அருவிக்குப் போக நீந்தித்தான் ஆக வேண்டும், நடுவில் கால் எட்டாது. இந்த அருவிகளில் உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. ஓர் ஆபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வந்து சேர நெடுநேரம் ஆகும், பல இடங்களில் செல்போன் சிக்னலே இராது. முதலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நீச்சல் தெரியுமா என்று யாரும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. வழிகாட்டியாக எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பிள்ளைகளுக்குக் காற்றடைத்த வளையம், கைப்பட்டை எதுவும் வேண்டாம். அளவு சரியான லைஃப் ஜாக்கெட்டை மெல்போர்னிலேயே போட்டுப் பார்த்து வாங்கி வாருங்கள். பெரியவர்களில் ஒருவர் தண்ணீருக்குள், பிள்ளைகளின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாறை மேலிருந்து குதிக்கவே கூடாது. தண்ணீர்மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கும். போன வாரம் ஒருவர் குதித்த இடத்தில் இந்த வாரம் பாறை மேலே வந்திருக்கும். தலையோ கழுத்தோ அடிபட்டவரைப் பாதி நினைவோடு படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறுவது என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, உடம்பில் தடவிய சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் அந்தச் சின்னக் குளங்களில் அப்படியே மிதக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி போட்டுக் குளித்தால் அது தேவைப்படாது.

கேரவன் விஷயத்தில் என் கருத்து தெளிவானது. அருவி வரைக்கும் வீட்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பேட்சலர் ஊரிலோ பூங்காவை ஒட்டியோ உள்ள ஒரு கேரவன் பார்க்கில் இரண்டு மூன்று இரவு போட்டுவிட்டு, கழற்றிய காரில் அருவிகளுக்குப் போய் வாருங்கள். மோட்டார்ஹோமில் இந்த வசதி இல்லை. தினமும் காலையில் பாத்திரத்தை எல்லாம் அடுக்கி, மின்வயரைக் கழற்றி, அப்பாவையும் எழுப்பிக் கிளம்ப வேண்டும். பியூலி மாதிரி இடத்தில் நிறுத்தவும் திண்டாட வேண்டும். இதுவரை எதையும் இழுத்து ஓட்டியதில்லை என்றால் இந்தப் பயணத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம். ஒரு நல்ல கார் எடுத்துக்கொண்டு கேரவன் பார்க்குகளில் உள்ள கேபின்களில் தங்கினாலும் அதே சமையலறை, அதே நட்சத்திர வானம் கிடைக்கும், செலவும் பெரிதாகக் கூடாது. இழுத்துப் பழக்கம் உண்டு என்றால் எடையை மட்டும் கவனியுங்கள். கொக்கி மேல் இறங்கும் எடை கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பாரத்தைப் பின்பக்கம் ஏற்றினால் வேகத்தில் வால் ஆடும். ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் எலக்ட்ரிக் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள், தானாக நேராகிவிடும். ஸ்டூவர்ட் ஹைவேயில் 53 மீட்டர் நீளத்துக்கு ரோடு ட்ரெயின்கள், அதாவது பல ட்ரெய்லர்களை இழுக்கும் லாரிகள், வரும். அவற்றை முந்தும் அவசரம் உங்களுக்கு இல்லை, அவை உங்களை முந்தும்போது நேராகச் சீராக ஓட்டினால் போதும். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். மாடு, எருமை, வாலபி என்ற சின்னக் கங்காரு எல்லாம் ரோட்டுக்கு வரும் நேரம் அது. ரோட்டோரம் புகையும் சின்னத் தீயும் பார்த்தால் பயப்படாதீர்கள். வறண்ட காலத்தின் தொடக்கத்தில் வேண்டுமென்றே காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது இங்கே ஆயிரக்கணக்கான வருடப் பழக்கம். தீயிலிருந்து ஓடிவரும் பூச்சிகளைப் பிடிக்கப் பருந்துகள் மேலே வட்டமிடும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

லிட்ச்ஃபீல்டுக்குப் பிறகு நேராகத் தெற்கே கேத்ரின் பக்கம் போவது உங்களுக்குச் சரியாக இருக்கும். கேத்ரினுக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர் முன்னாலேயே இடது பக்கம் திரும்பி, இருபது கிலோமீட்டர் தார் ரோட்டில் போனால் லெலியின். வரைபடங்களில் ஈடித் ஃபால்ஸ் என்றும் இருக்கும். முகாமிடும் இடத்திலிருந்து சில அடியிலேயே ஏரி மாதிரி ஒரு பெரிய குளம். முகாமில் மின் இணைப்பு இல்லை, ஒரு நாள் இரண்டு நாள் பேட்டரியில் சமாளிக்கலாம். லெலியின் இருக்கிற நிட்மிலுக் பூங்கா முழுவதும் ஜாவோயின் மக்களின் நிலம். நீண்ட வழக்குக்குப் பிறகு 1989-இல் அவர்களிடமே திரும்பக் கொடுக்கப்பட்டது. அதைத் தாண்டிக் கேத்ரின் ஊருக்குள்ளேயே வெந்நீர் ஊற்று உண்டு. இன்னும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மட்டரங்காவும் பிட்டர் ஸ்பிரிங்ஸும். மட்டரங்காவின் தண்ணீர் வருடம் முழுக்க 34 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருக்கும். பிட்டர் ஸ்பிரிங்ஸில் நீரோட்டமே உங்களை மெதுவாக மிதக்கவிட்டுக் கொண்டுபோகும், நாணல்களுக்கு நடுவே, கண்ணாடி மாதிரித் தெளிந்த நீரில். உங்கள் பயணத்தில் அப்பா முழுதாகக் கலந்துகொள்ளப்போகும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்காமல், மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும் நோய் மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

அப்பாவைப் பற்றி இன்னொரு விஷயம். இங்கே மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா உண்டு. சர்க்கரை நோயாளிகளைத்தான் அது அதிகம் தாக்கும். இது பெரும்பாலும் மழைக்கால நோய், ஜூலையில் ஆபத்து குறைவு. குறைவு என்பதால் அலட்சியம் கூடாது. வெறும் காலில் நடக்கவிடாதீர்கள். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் குளத்தில் இறங்க வேண்டாம். திரும்பிய பிறகு விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால், "வட ஆஸ்திரேலியாவில் இருந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யோசிக்கவே மாட்டார்கள். இன்சுலின் போடுகிறார் என்றால் கேரவனின் ஃப்ரிட்ஜை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு குளிர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையிலும் டார்வினில் பகலில் 30 டிகிரி தாண்டும், மூடிய வண்டிக்குள் அதற்கும் மேல்.

ககாடுவை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன், குளிப்பதற்கு என்று வருபவர்களுக்கு. பாறை ஓவியங்களுக்கும், யெல்லோ வாட்டர் படகுப் பயணத்துக்கும் கட்டாயம் போகலாம். அருவிகள் அங்கே கஷ்டப்பட்டால்தான் கிடைக்கும். ஜிம் ஜிம் அருவிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் மண் ரோடு, அதில் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் ஃபோர் வீல் டிரைவ் மட்டும், அப்புறம் பெரிய பாறைகளின் மேல் ஏறி இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும் அது வேண்டாம். ட்வின் அருவியில் உப்புநீர் முதலை காரணமாகக் குளிக்கவே அனுமதி இல்லை. குன்லோம் அருவியின் படத்தை எங்கும் பார்த்திருப்பீர்கள், உச்சியில் ஓரத்தில் ஒரு குளத்தோடு. புனித இடத்துக்கு அருகில் அனுமதியில்லாமல் நடைபாதை அமைத்ததால் எழுந்த பிரச்சினையில் 2019-இல் அதை மூடினார்கள், பல வருடம் மூடியே இருந்தது. இந்தக் குளங்கள் பலவும் அங்குள்ள பூர்வகுடி மக்களுக்குக் கோயில் போன்றவை. அவர்கள் மூடினால் காரணம் கேட்காமல் மதிப்பதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம்.

கிப் ரிவர் ரோட்டுக்குப் பதில்: இந்தப் பயணத்தில் வேண்டாம். டெர்பியிலிருந்து குனனுர்ரா பக்கம் வரை 660 கிலோமீட்டர். பெரும்பகுதி மண் ரோடு, அலை அலையாக மேடு பள்ளம், நடுவே ஆறுகளைத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிக் கடக்க வேண்டும். அதற்கென்றே கட்டிய ஆஃப்ரோட் கேரவன்களே அங்கே உடைந்து நிற்பதைப் பார்க்கலாம். வாடகை கம்பெனிகள் சாதாரண கேரவனையும் மோட்டார்ஹோமையும் மண் ரோட்டில் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. மீறினால் இன்சூரன்ஸ் முழுக்கப் போய்விடும். ஒப்பந்தத்தில் மண் ரோடு, இரவில் ஓட்டுவது, தண்ணீரில் இறக்குவது, இந்த மூன்று பத்திகளையும் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள். அந்த ரோட்டில் இருக்கிற பெல் கார்ஜ், மானிங் கார்ஜ் என்ற பள்ளத்தாக்குகளைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, மூன்று நான்கு வாரம் கையில் வைத்துக்கொண்டு, நல்ல ஃபோர் வீல் டிரைவில் கூடாரத்தோடு வந்து பாருங்கள். மனசு கேட்காமல் குனனுர்ரா வரைக்குமாவது போக வேண்டும் என்றால், கேத்ரினிலிருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்கத் தார் ரோடுதான். எல்லையில் மேற்கு ஆஸ்திரேலியச் சோதனைச் சாவடி இருக்கிறது, பழம், காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் எல்லாம் முந்தைய நாளே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

முன்பதிவைப் பொறுத்தவரை, ஜூலைதான் இங்கே உச்ச சீசன். பூங்காக்களின் முகாம் இடங்களும் பேட்சலர், கேத்ரின் கேரவன் பார்க்குகளும் சில மாதம் முன்பே நிரம்பத் தொடங்கும். 2023 முதல் வெளிமாநிலத்தவர் லிட்ச்ஃபீல்ட், நிட்மிலுக் போன்ற பூங்காக்களுக்கு பார்க்ஸ் பாஸ் வாங்க வேண்டும். ககாடு மத்திய அரசின் கீழ் வருவதால் அதற்குத் தனிக் கட்டணம். தங்கும் ஊரை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், எந்த நாளில் எந்த அருவி என்பதை உறுதி செய்ய வேண்டாம். தினமும் காலையில் பூங்கா நிர்வாகத்தின் இணையதளத்தில் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள், போய்ச் சேர்ந்ததும் நுழைவாயில் பலகையையும் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் இறங்குங்கள். வாங்கி மூடியிருந்தால் அன்றைக்கு பியூலி, பியூலியில் இடமில்லை என்றால் மதியத்துக்கு மேல் ஃபுளோரன்ஸ். லிட்ச்ஃபீல்டில் மூன்று இரவு, லெலியினில் இரண்டு, கேத்ரினிலும் மட்டரங்காவிலும் சேர்த்து மூன்று, மீதியைக் ககாடுவுக்கோ டார்வினுக்கோ வைத்துக்கொண்டால், ஏதாவது ஒரு குளம் மூடியிருந்தாலும் பிள்ளைகளுக்குக் குளியல் இல்லாத நாள் வராது. டார்வின் கடற்கரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கேயும் முதலை வரும்; பிள்ளைகளுக்கு அங்கே வாட்டர்ஃபிரண்டில் கடலிலிருந்து தடுத்துக் கட்டிய குளம் இருக்கிறது.